பி.டி. சாரின் டப்பா

“யூரின் மஞ்சளாப் போகுதும்மா. மாத்திரை உள்ள போய் வேலை செய்யலேன்னா எப்படி அப்படிப் போகும்?” என்று அப்பா கேட்டார். இதற்குப் பதில் எனக்குத் தெரியும். மஞ்சளாகப் போவது ரிபோஃப்ளேவின், அதாவது பி2. உடம்பு தனக்கு வேண்டிய கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியே அனுப்பிவிடுகிறது. வாய்ப்புண்ணுக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கும் இதே கதைதான். விலை கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் கழிவறையில் போகிறது என்பதற்குத்தான் அந்த நிறம் சாட்சி. இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, போறதுக்கு முன்னாடி உள்ள இருந்துச்சுல்ல” என்றார்.

அப்பாவுக்கு 74 வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் இருக்கிறார். ஏமாளி கிடையாது. வாழைக்காய் வாங்கினாலும் தராசைப் பார்ப்பார். கரண்ட் பில்லில் யூனிட் கணக்கு இடித்தால் பழைய அலுவலகத்துக்கே நடந்துபோய்ச் சண்டை போடுவார். அப்படிப்பட்டவர் 2,450 ரூபாய்க்கு ஒரு சத்துப்பொடி டப்பாவை வாங்கி, காலையில் இரண்டு ஸ்பூன் பாலில் கலக்கிக் குடித்து, கூடவே பச்சை நிறத்தில் ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டு, தினமும் தன் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத் திருப்திப்படுகிறார் என்றால் விஷயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. “வயசானவங்க ஏமாறுறாங்க” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த வாக்கியம் எனக்குச் செரிக்கவேயில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றே டப்பா விற்பவர் நடத்திய இலவசப் பரிசோதனை முகாமுக்கு அவரோடு நானும் போனேன்.

முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். நடத்தியவர் எங்கள் தெருக்காரர்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், ஊருக்கே பி.டி. சார். வாசலில் ஒரு பெண் பெயர், வயது, உயரம், எடை கேட்டு எழுதிக்கொண்டாள். உள்ளே மேசைமேல் ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் பேனாவைவிடக் கொஞ்சம் தடியாக ஒரு பித்தளைக் கம்பி. உள்ளங்கையில் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். திரையில் மனித உருவம் ஒன்று சுழலும், கல்லீரல் சிவப்பாகும், இதயம் துடிக்கும், எங்கேயோ ஒரு வரைபடம் ஏறி இறங்கும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. நாற்பது பக்கத்துக்கு அச்சாகி வந்தது: துத்தநாகம் குறைவு, கால்சியம் குறைவு, கொலாஜன் குறைவு, கல்லீரலில் நச்சு, மூளைக்கு ரத்த ஓட்டம் மந்தம். கையில் கம்பியைப் பிடித்தால் உடம்பில் துத்தநாகம் எவ்வளவு என்று சொல்ல எந்த வழியும் கிடையாது; உள்ளங்கையின் ஈரத்தையும் நாம் கொடுத்த வயதையும் எடையையும் வைத்துக்கொண்டு மென்பொருள் எண்களை அடுக்குகிறது. ஆனால் அப்பாவின் கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வேலை செய்த காலம் முழுக்க சட்டைப்பையில் டெஸ்டரோடு அலைந்தவர் அவர். சுவருக்குள் ஓடும் கரண்டைக் கம்பியின் முனையில் பார்த்துப் பழகியவருக்கு, உடம்புக்குள் ஓடுவதையும் கம்பியின் முனையில் பார்க்கலாம் என்பதில் என்ன ஆச்சரியம்?

அந்த நாற்பது பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபதுகளில் ஒரு பக்கம்: கருப்பை, சினைப்பை, மார்பகம். சினைப்பையில் லேசான குறைபாடு என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு முன்னால் கம்பியைப் பிடித்த அம்மாளின் விவரத்தை மாற்றாமலேயே அடுத்த ஆளுக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “ஆள மாத்திப் போட்டுட்டான் போல. அந்தப் பக்கத்த விடு, மத்ததெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. கால் மதமதப்புன்னு போட்டிருக்கான் பாரு” என்றார். உண்மைதான், போட்டிருந்தது. எழுபதைத் தாண்டிய யாருக்குத்தான் கால் மதமதக்காது? ஆனால் அந்த ஒரு வரி பலித்ததில் மீதி முப்பத்தொன்பது பக்கமும் பிழைத்துக்கொண்டது.

லேபிள் ஒன்று சொல்லும், வாய் வேறு சொல்லும்

டப்பாவின் முன்பக்கம் வெள்ளிக்காகிதப் பளபளப்பு. பின்பக்கத்தைப் படிக்க என் செல்போனின் கேமராவைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. “உடல்நலத் துணைப்பொருள்” என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே “மருந்தாகப் பயன்படுத்த அல்ல”. அதற்கும் கீழே, பலவகை உணவுக்கு இது மாற்று அல்ல, சொன்ன அளவுக்கு மேல் சாப்பிடக்கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2016 விதிகள் இப்படி எழுதச் சொல்கின்றன. நிறுவனமும் சொன்னபடியே எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே 14 இலக்க உரிம எண். “கவர்மென்ட் அப்ரூவல் வாங்கின பொருள் சார்” என்று பி.டி. சார் விரல் வைத்துக் காட்டியது இந்த எண்ணைத்தான். தெருமுனை மிக்சர் பாக்கெட்டிலும் இதே 14 இலக்கம் உண்டு. உணவுப் பொருள் தயாரிக்க அனுமதி இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. மூட்டுவலி போகும் என்று யாரும் முத்திரை குத்தித் தரவில்லை.

லேபிளில் இல்லாததெல்லாம் திண்ணையில் இருக்கிறது. பி.டி. சார் வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவார், காபி குடிப்பார், அப்பாவின் காலைத் தொட்டுப் பார்ப்பார். டப்பாவில் லுட்டீன் என்ற கண்ணுக்கான சத்து இருக்கிறது, கண்புரை கரைந்துவிடும், ஆபரேஷனுக்குப் போகவேண்டாம் என்பார். பச்சை மாத்திரை சுருள்பாசி, அதில் பி12 கறியைவிட அதிகம் என்பார். பீட்டா கரோட்டின் இருப்பதால் கேன்சர் கிட்டவே வராது என்பார். இதில் என்னைத் தொந்தரவு செய்தது ஒன்றுதான்: எதுவுமே முழுப் பொய் இல்லை. லுட்டீன் கண்ணுக்கு உதவியது உண்மை. 2013-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோயில், அதுவும் இடைநிலையைத் தொட்டவர்களுக்கு, லுட்டீனும் துத்தநாகமும் சேர்ந்த கலவை பயன்படும் என்றுதான் காட்டியது. அதே ஆய்வில் கண்புரைக்கு உதவுமா என்றும் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கான தேவையை லுட்டீன் குறைக்கவில்லை. சுருள்பாசியிலும் பி12 மாதிரி ஒன்று இருக்கிறது. சோதனைக்கூடத்தில் அளந்தால் எண் வரும். ஆனால் அதில் பெரும்பகுதி மனித உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம்.

பீட்டா கரோட்டின் கதை இன்னும் மோசம். காய்கறி, கீரை, கேரட் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று கவனித்தார்கள். அப்படியானால் அந்தச் சத்தை மட்டும் எடுத்து மாத்திரையாகக் கொடுப்போமே என்று பின்லாந்தில் 29,133 பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் 50-லிருந்து 69 வயதுக்குள் இருந்த புகைபிடிக்கும் ஆண்கள். 1994-ல் முடிவு வந்தபோது, தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகம். அதை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-ல் வெளியிட்ட பரிந்துரையில், இதய நோயோ புற்றுநோயோ வராமல் தடுக்க பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் வேண்டாம் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. எங்கள் டப்பாவில் இருந்த அளவு அந்த 20 மில்லிகிராமில் சிறு பங்குதான், அதனால் பயமுறுத்தவில்லை. ஆனாலும் அப்பா ஓய்வு பெறும் வரை சிகரெட் குடித்தவர். அவரிடம் வந்து, இதைச் சாப்பிட்டால் கேன்சர் வராது என்று ஒருவர் சொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

சரி, பலவித வைட்டமின் கலந்த மாத்திரையைத் தினம் போட்டால் ஆயுளாவது கூடுமா? 2024-ல் 3,90,124 அமெரிக்கர்களை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த கணக்கு வந்தது. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சாவில் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. வயதானவர்களின் ஞாபகசக்திக்குச் சிறு உதவி இருக்கலாம் என்று வேறொரு ஆய்வு சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். “பின்லாந்துல வெயிலே கிடையாதுமா. அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற” என்று முடித்துவிட்டார். பி.டி. சாரின் டப்பா எந்த ஊர் உடம்புக்குச் செய்தது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் சீரியல் ஆரம்பித்துவிட்டது.

அதிருதா?

கால் மதமதப்பு மட்டும் உண்மை. பாதத்தில் எப்போதும் காலுறை போட்ட மாதிரி இருக்கிறது என்பார். ராத்திரியில் எரிச்சல். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு எட்டு நடந்துவிடுவார். சர்க்கரை வந்து பல வருடமாகிறது, அதனால் இது சர்க்கரையின் வேலை என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். பி.டி. சார் அதை நரம்புத் தளர்ச்சி என்றார், டப்பாவை இரண்டு வேளை ஆக்கினார். எங்கள் சர்க்கரை டாக்டரிடம் வழக்கமான நாள் வந்தபோது டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப்போனேன். அவர் நாலு திட்டு திட்டினால் அப்பா கேட்பார் என்ற ஆசை.

டாக்டர் டப்பாவைப் பார்த்தார், பின்பக்கத்தைப் படித்தார், ஓரமாக வைத்துவிட்டார். திட்டவில்லை. அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பல் உள்ள ஒரு இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூட இயற்பியல் கூடத்தில் பார்த்தது. உள்ளங்கையில் தட்டி, அது ரீங்காரமிடும்போதே அடிப்பாகத்தை அப்பாவின் நெற்றியில் வைத்தார். “அதிருதா சார்?” “ஆமா, நல்லா அதிருது.” மறுபடி தட்டி, இடது கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார். “இப்ப?” அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். “வெச்சிட்டீங்களா?” என்றார். டாக்டர் பதில் சொல்லாமல் கணுக்காலுக்கு ஏற்றினார், பிறகு முழங்காலுக்குக் கீழே. அங்கே வந்த பிறகுதான் அப்பா “ம், இப்ப லேசா” என்றார். இந்த அதிர்வு உணர்ச்சி முதுகுத்தண்டின் பின்பக்கம் வழியாக மூளைக்குப் போகிறது. சர்க்கரையும் அதைக் கெடுக்கும், பி12 குறைந்தாலும் கெடும். டாக்டர் மருந்துச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை, நாளுக்கு இரண்டு, பல வருடமாக. கூடவே காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, அதுவும் பல வருடமாக. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அப்பாவும் நிறுத்தவில்லை. “அசைவம் சாப்பிடுவீங்களா?” “அம்மா போனதுலேர்ந்து விட்டுட்டேன்.” “பி12 எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. அடுத்த நாள் ரத்தப் பரிசோதனையில் 142 என்று வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மினை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பது புதிய செய்தி கிடையாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் அவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்கிறது, பிரிட்டனும் 2022-ல் மருத்துவர்களுக்கு இதை நினைவுபடுத்தியது. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது. உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம்தான் வேண்டும். வயதானால் அமிலம் தானாகவே குறையும். சாம்பாரிலும் கீரையிலும் பி12 கிடையாது, பாலிலும் தயிரிலும் கொஞ்சம். அப்பா இந்த நான்கு வழியிலும் ஒரே நேரத்தில் இழந்துகொண்டிருந்தார். வைட்டமின் குறைபாடு என்று நாற்பது பக்கம் அச்சடித்துக் கொடுத்த கம்பி, நிஜமாகவே குறைந்திருந்த இந்த ஒன்றைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: பி12, இயல்பு நிலை.

என் நிலைமை கொஞ்சம் விசித்திரமாகிப்போனது. வைட்டமின் எல்லாம் வியாபாரம் என்று வாதாடப்போன இடத்தில், அப்பாவுக்கு வேண்டியது ஒரு வைட்டமின்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் ஊசி, பிறகு தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை. உறிஞ்சும் வழி அடைபட்டிருந்தாலும் இவ்வளவு பெரிய அளவில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போய்விடும், அதனால் போதும் என்றார். டப்பாவில் ஒரு வேளைக்கு இருந்தது 1 மைக்ரோகிராம். கூடவே ஃபோலிக் அமிலம். பி12 குறையும்போது ரத்தசோகை வந்து காட்டிக்கொடுக்கும். ஃபோலிக் அமிலம் அந்த ரத்தசோகையைச் சரிசெய்துவிடும், நரம்பைச் சரிசெய்யாது. அப்பாவின் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்ததில் டப்பாவுக்குப் பங்கு உண்டா என்று டாக்டரைக் கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது இப்ப எதுக்கு?” என்றார்.

குன்னூரிலிருந்து திண்ணை வரை

வைட்டமின்மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை காற்றில் வந்ததில்லை என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தேன். 1918-ல் நம்ம குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். தீட்டிய அரிசி கொடுத்துப் புறாக்களை வளர்த்துப் பார்த்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் வெளுத்துப்போய்ச் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான பசையைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். அதில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது. அவரும் குன்னூருக்கு வந்து வேலை செய்தவர்தான். இல்லாததைக் கொடுத்தபோது வைட்டமின்கள் செய்த காரியம் கண்முன்னால் நடந்த அற்புதம். நடக்க முடியாதவர் நடந்தார், கண் மங்கியவருக்குப் பார்வை திரும்பியது. பி.டி. சாரின் திண்ணைப் பேச்சு அந்தப் பழைய கணக்கில்தான் கடன் வாங்கிப் பிழைக்கிறது. இல்லாதவருக்குக் கொடுத்தால் எழுந்து நிற்பார் என்பதை, இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் ஓடுவார் என்று நீட்டிவிடுகிறார்கள். காலி டேங்கில் பெட்ரோல் ஊற்றினால் வண்டி ஓடும். நிறைந்த டேங்கில் ஊற்றினால் தரையில்தான் ஓடும்.

தரையில் ஓடினால்கூடப் பரவாயில்லை, சிலது உள்ளேயே தங்கிவிடும். என் பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான், அதில் எந்த டப்பாக்காரருக்கும் சம்பந்தமில்லை. ஒரு பரிசோதனை நிறுவனம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சலுகையில் வைட்டமின் டி 24 என்று வந்து, சிவப்பில் “போதாது” என்று அச்சாகியிருந்தது. 20 இருந்தாலே பெரும்பாலானவர்களின் எலும்புக்குப் போதும் என்று 2011-ல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று சொன்னது. அதே வருடம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 30 வேண்டும் என்றது. லேப்கள் அந்த 30-ஐப் பிடித்துக்கொண்டன. 2024-ல் அந்தச் சங்கமே 30 என்ற கோட்டைக் கைவிட்டு, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம், 75 வயதைத் தாண்டியவர்கள் பரிசோதிக்காமலேயே சிறு அளவில் தினமும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. லேப் தாளில் சிவப்பு மாறவில்லை. பெரியம்மாவுக்கு 60,000 ஐ.யூ. பொடி பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருந்தார்கள். 70 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டியதே 800 ஐ.யூ. தான். பாலில் கலந்து குடிக்க இனிப்பாக இருக்கும் அந்தப் பொடியைப் பெரியம்மா தினமும் குடித்தார். தீர்ந்ததும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே இன்னொரு பெட்டி கொடுத்தார்கள். வாய் உலர்ந்தது, மலச்சிக்கல், சாப்பாடு பிடிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறிப் பேசினார். வயசாகிவிட்டது, ஞாபகமறதி என்று வீட்டில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் திணறுகிறது என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நல்லவேளை, தெளிந்துவிட்டார். உடம்புக் கொழுப்பில் தேங்கிய டி வடிய மாதக்கணக்கில் ஆனது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. சர்க்கரை, கண்புரை, புற்றுநோய் உட்பட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. “இது மருந்தே இல்லை சார், உணவு” என்று சொல்லித்தான் இந்த வியாபாரம் அதன் பக்கவாட்டில் நழுவுகிறது. உணவு என்றால் 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2019-ன் நுகர்வோர் சட்டம் விளம்பரத்தில் நடிப்பவரையும் பிடிக்கிறது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரவே கூடாது. ஒரு பெரிய ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பரங்களை உச்ச நீதிமன்றம் 2024-ல் உலுக்கியெடுத்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். இவை அனைத்தும் காகிதத்தையும் திரையையும் பார்த்து எழுதப்பட்டவை. பக்கத்து வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முழங்காலை அமுக்கிவிட்டபடி, “நமக்கு வேண்டியவர்னு சொல்றேன்” என்று பேசுவது எந்த விதியின் கீழ் விளம்பரம் ஆகும்? அவரிடம் அடையாள அட்டை கேட்டால் அப்பா என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவார்.

பி.டி. சார் மோசமான மனிதரும் இல்லை. தனியார் பள்ளியில் வேலை பார்த்ததால் பென்ஷன் கிடையாது. மகளின் கல்யாணக் கடன் இருக்கிறது. மேலே இருக்கும் லீடர் மாதாமாதம் பாயிண்ட் கணக்குக் கேட்கிறார். விற்காமல் தேங்கிய டப்பாக்களை அவர் மனைவியும் அவருமே குடித்துத் தீர்க்கிறார்கள். அவர் நிஜமாகவே நம்புகிறார், அதனால்தான் அவர் சொன்னால் எடுபடுகிறது.

ஊசி போட ஆரம்பித்த பிறகு அப்பாவுக்கு ராத்திரி எரிச்சல் மெல்லக் குறைந்தது. மதமதப்பு பாதிதான் போயிருக்கிறது. மீதி சர்க்கரையின் கணக்காக இருக்கலாம், இனி திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். டப்பாவை நிறுத்தச் சொல்லி நான் சண்டை போடவில்லை. கையில் இருந்தது தீர்ந்ததும் அப்பா புதிதாக வாங்கவில்லை, அவ்வளவுதான். “காசுக்குக் கட்டுப்படி ஆகல” என்று பி.டி. சாரிடம் சொல்லிக்கொண்டார்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். எங்கள் திண்ணை. அப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் வெள்ளி டப்பா. மேலே பெரிய எழுத்தில்: “74 வயது மின்வாரிய அதிகாரி. பல வருடக் கால் மதமதப்பு, மூன்றே மாதத்தில் குணம்!” கீழே, “இது உங்க அப்பாதானே? எனக்கும் கால் இப்படித்தான் இருக்கு. இந்த டப்பா எங்க கிடைக்கும்?” என்று சித்தி கேட்டிருந்தாள். அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “ஊசி போட்டதத்தான்டி முதல்ல சொன்னேன். அத எழுதாம விட்டுட்டான்” என்றார். அன்றைக்கே பி.டி. சாரைப் போனில் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அவரும் மறுப்புச் சொல்லாமல் தன் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் அது எத்தனை குழுவுக்குப் போயிருந்ததோ, நேற்று எங்கள் அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் மாமியாருக்கு அதே படம் வந்திருக்கிறது. அதில் அப்பாவின் வயது 82 ஆகியிருந்தது. சித்தியிடம் டப்பாவைப் பற்றி எதுவும் பேசாமல், சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடுகிறாள், எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டேன். மெட்ஃபார்மின், பதினோரு வருடமாக. பி12 பார்த்ததில்லையாம்.